ஓர் இரவு தூங்கவேண்டிய சிலிண்டர்

எங்கள் கடையில் மூன்று பேர். அண்ணன் ஆர்டர் பிடிப்பான், வாடிக்கையாளர்களிடம் வாய் நிறையப் பேசுவான், சண்டை வந்தால் சமாளிப்பான். என் வீட்டுக்காரர் வேலை செய்வார். நான் ஃபோன் எடுப்பேன். ஏசி ரிப்பேர் கடையில் ஃபோன் எடுப்பது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் வெயில் காலத்தில் ஒருநாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஏசி நின்றுபோன மனிதருக்குப் படிப்பு, பதவி, வயது எதுவும் ஞாபகம் இருக்காது. எல்லாரும் கைக்குழந்தை ஆகிவிடுவார்கள். நான் சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பேன். எங்கள் கடையிலேயே ஏசி கிடையாது என்பதை மட்டும் சொல்வதில்லை. ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது. அதுவும் அண்ணன் பக்கம் மட்டும்தான் திரும்பும்.

அண்ணனுக்கும் வீட்டுக்காரருக்கும் பல வருடங்களாக ஒரு மனஸ்தாபமும் இருந்ததில்லை. இவன் மாப்ளே என்பான், அவர் மச்சான் என்பார், பார்க்கிறவர்கள் கண் வைக்கிற அளவுக்கு ஒற்றுமை. அதைக் கெடுத்தது ஒரு பயிற்சி வகுப்பு.

ஏசி கம்பெனி ஒன்று மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு நடத்திய வகுப்பு அது. நல்ல சாப்பாடு போடுவார்கள், ஒரு பையும் தொப்பியும் கொடுப்பார்கள் என்றுதான் அண்ணன் அவரை அனுப்பி வைத்தான். பையும் தொப்பியும் வந்தன. கூடவே ஒரு கவலையும் வந்தது.

பழைய ஏசியைக் கழற்றும்போது அதற்குள் இருக்கிற கேஸை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. ஸ்பேனரால் வால்வைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றால் 'புஸ்'ஸென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. ஊரில் இருக்கிற எல்லா மெக்கானிக்கும் இதைத்தான் செய்கிறார்கள், என் வீட்டுக்காரரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். வகுப்பில் யாரோ ஒரு பெண் எழுந்து நின்று, ஓர் ஏசியிலிருந்து விடுகிற கேஸ், ஒரு கார் மாதக்கணக்கில் ஓடி விடுகிற புகை அளவுக்கு வானத்தைச் சூடாக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் கை வைக்கவில்லை. பல்வலியா என்று கேட்டேன்.

"இத்தன வருஷத்துல நான் எத்தன ஏசி திறந்து விட்டிருப்பேன்?" என்றார்.

"மொதல்ல சாப்பிடுங்க. வானம் காலைல வரைக்கும் தாங்கும்" என்றேன்.

சாப்பிட்டார். ஆனால் அந்த மாதமே யாரோ விற்க வைத்திருந்த ஒரு பழைய மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊருக்குப் போகிற பெட்டி அளவு இருக்கும், இரண்டு பெட்டி கனம் கனக்கும். ஏசிக்குள் இருக்கிற கேஸை உறிஞ்சி ஒரு சின்ன சிலிண்டரில் அடைத்துவிடும். அடைக்கிற நேரம் முழுக்கச் சளி பிடித்த கிழவர் மாதிரி இருமிக்கொண்டே இருக்கும். ஸ்பேனரால் ஒரு திருகில் முடிகிற வேலை இப்போது அரைமணி, முக்கால்மணி ஆனது. அந்த முக்கால்மணிக்கும் ஃபோனில் வசவு வாங்கியது நான்.

அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு சிரித்துக்கொண்டே கோபப்பட்டான். அதற்கும் பிறகு சிரிப்பை விட்டுவிட்டான்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். பக்கத்துத் தெருவுல ஒருத்தன், அதுக்கு அடுத்த தெருவுல ரெண்டு பேரு, எல்லாரும் திறந்து விடறான். நீங்க ஒருத்தர் புடிச்சு வச்சா வானத்துக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது மச்சான்."

"கடல்ல ஒரு வாளித் தண்ணிய மொண்டு வச்சுக்கிட்டு, கடல் கொறஞ்சுதா கொறஞ்சுதான்னு எட்டிப் பாக்கறீங்க."

"கொறையாது மச்சான்."

"அப்புறம் எதுக்கு?"

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "மத்தவங்க திறக்கறது எனக்குக் கேக்கறதில்ல மச்சான். நான் திறந்தா அந்தச் சத்தம் எனக்குக் கேக்குதே."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் என்ன, நீதிபதியா? இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அண்ணன் சொன்னதுதான் உலக நடப்பு. வீட்டுக்காரர் சொன்னதில் ஒரு நடப்பும் இல்லை, ஆனாலும் அதைக் கேட்ட பிறகு அண்ணன் பேச்சு கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. நான் ஃபோனை எடுத்தேன்.

அண்ணன் விடுகிற ஆள் இல்லை. மிஷினை மறந்துவிட்டுப் போன ஒருநாள், அவர் பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். "அதுக்காக வேன ரெண்டு தடவ ஓட்டினீங்களே, அந்தப் புகைய யாரு புடிச்சா?" என்று கேட்டான். இன்னொரு நாள், "ஏசியே பூமிக்குக் கேடுதான். கடைய இழுத்து மூடிட்டு ஆளுக்கொரு விசிறி விக்கலாம், வாங்க" என்றான். அவர் எல்லாவற்றுக்கும், ஆமாம் மச்சான், ஆமாம் மச்சான் என்றார். ஆமாம் சொல்லிக்கொண்டே தன் வேலையைச் செய்கிற ஆளிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? எனக்கு அனுபவம் உண்டு. வீட்டிலும் அதே கதைதான்.

பிடித்த கேஸைச் சும்மா வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு ஊரில் ஓர் ஆலை இருக்கிறது. அங்கே அதைச் சுத்தம் செய்து மறுபடி உபயோகத்துக்குக் கொடுப்பார்கள். அவர்கள் லாரி வருடத்துக்கு ஒரு முறை, வெயில் காலம் முடிந்ததும், இந்தப் பக்கம் வரும். ஆனால் அவர்களுக்கு இரண்டு நிபந்தனை. பெரிய சிலிண்டர் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரே வகைக் கேஸாக இருக்க வேண்டும். வேறு எதுவும் கலந்திருந்தால் தொடமாட்டார்கள்.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் தலைவலி. நம் ஆட்கள் அவசரத்துக்குக் கையில் கிடைத்த கேஸை எந்த ஏசியிலும் ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் அவர் பிடித்து வருவதை நேராகப் பெரிய சிலிண்டரில் ஏற்றமாட்டார். சின்ன சிலிண்டரை என் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துவிட்டுப் போவார். காலைக்குள் உள்ளே இருக்கிற கேஸும் அறையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்போது அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டிப் பார்ப்பார். இத்தனை சூட்டுக்கு இத்தனை அழுத்தம் என்று சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார். கேஜின் முள் அட்டை சொல்கிற இடத்தில் நின்றால் ஒரே கேஸ். தள்ளி நின்றால் கலந்தது. கலந்ததைத் தனியாக ஒதுக்குவார். சரியானதை மட்டும் மாடிப்படிக்கு அடியில் நிற்கிற பெரிய சிலிண்டரில் ஏற்றுவார். இது எல்லாம் அண்ணன் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். அண்ணனுக்குக் காலை என்பதே பத்து மணிக்கு மேல்தான். மேஜைக்குப் பக்கத்தில் சின்ன சிலிண்டர் நிற்பதை மாலையில் பார்ப்பான், மறுநாள் அது காலியாக இருப்பதைப் பார்ப்பான். நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டதே இல்லை.

"என்ன மாப்ளே, தூங்க வச்சாச்சா? தாலாட்டு பாடினீங்களா? போர்வை போத்தி விடுங்க, குளுரும்" என்பான். தினமும் இதே ஜோக். தினமும் அவனுக்குப் புதிதாகச் சிரிப்பு வரும்.

போன வருடம் லாரி வந்தபோது பெரிய சிலிண்டர் பாதிதான் நிறைந்திருந்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு அண்ணன் உட்கார வைத்துப் பேசினான். கிண்டல் செய்யாமல் பேசினான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரு வருஷம் தரேன் மாப்ளே. அடுத்த தடவ லாரி இத எடுத்துக்கிட்டுப் போனா, மிஷின் இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். எடுக்கலன்னா மிஷின வித்துடுவோம். எல்லாரும் செய்யற மாதிரி நாமளும் செய்வோம். சரியா?"

"சரி மச்சான்" என்றார் அவர். ஆமாம் என்று சொல்லவில்லை, சரி என்றார். அவர் சரி என்றால் அது கல்லில் எழுதியது மாதிரி. அதனால்தான் அந்த வருடம் முழுக்க, மாடிப்படிக்கு அடியில் நிற்கிற அந்தச் சிலிண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நிறைந்ததா என்று தட்டிப் பார்த்தேன். பூமிக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, தட்டின் முன்னால் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனோடு மிச்சக் காலத்தைத் தள்ள வேண்டுமே என்றுதான்.

இந்த வருடம் வெயில் எங்களுக்கு நல்லது செய்தது. வேலை குவிந்தது, சிலிண்டர் நிறைந்தது. லாரி வருகிற வாரம் அது கழுத்து வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் ஒரு ஏசி கேஸ் போனால் போதும் என்றார். அந்த வாரம்தான் அவருக்கு ஜுரம் வந்தது.

சாதாரண ஜுரம் இல்லை, எழுந்து நிற்க முடியாத ஜுரம். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் ஃபோனையும் எடுத்து, வேலைக்கும் போனான். பல வருடம் கழித்து ஸ்பேனர் பிடிக்கிறான். இடுப்பு விட்டுப்போச்சு என்று முதல் நாளே புலம்பினான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவனிடமிருந்து ஃபோன் வந்தது. குரலில் ஒரு குதூகலம்.

"ஏம்மா, பல் டாக்டரம்மா கிளினிக்குக்குப் போயிருந்தேன். வெளிரூம் ஏசிய மாத்தணும்னாங்க. நான் வால்வுல ஸ்பேனர வைக்கறேன், அந்தம்மா ஓடி வந்து, 'அவரு போன தடவ ஒரு மிஷின் கொண்டு வந்தாரே, அது எங்க?'ங்கறாங்க. இன்னைக்கு எடுத்துட்டு வரலன்னேன். 'அப்ப அவரையே அனுப்புங்க, நான் காத்திருக்கேன்'ங்கறாங்க. வாயில பஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற ஆளுங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. எனக்கு என்னமோ திருடப் போன எடத்துல மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடைக்கு வந்து மிஷின எடுத்துட்டுப் போய் நானே புடிச்சேன். ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. ஹோஸ மாட்டணும், சுவிட்சப் போடணும், அவ்வளவுதான். கொஞ்சம் இருமுது, அவ்வளவுதான். அந்தம்மா எனக்கு ஜூஸ் குடுத்தாங்க. மாப்ளேகிட்ட சொல்லு, பெரிய சிலிண்டர் ஃபுல். நானே ஏத்திட்டேன்."

"ஏத்திட்டியா?"

"இப்பதான் ஏத்தி முடிச்சேன். வந்த கையோட ஏத்தியாச்சு. உங்க ஆளு மாதிரி தாலாட்டெல்லாம் நமக்கு வராது."

ஜூஸ் நல்லா இருந்துச்சா என்று மட்டும் கேட்டேன். பிறந்ததிலிருந்து அவனைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றைக்குக்கூட அவன் குரலில் இந்த மாதிரி சந்தோஷத்தைக் கேட்டதில்லை. பரிசும் அதிகம் வாங்கியதில்லை, அது வேறு விஷயம்.

சாயங்காலம் ஜுரம் கொஞ்சம் இறங்கியதும் அவரிடம் சொன்னேன். மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எந்த எடம்?"

"பல் டாக்டர். வெளிரூம் ஏசி."

திறந்தார். "உள்ரூம் ஏசில போன தடவ புடிச்சப்பவே பாத்தேன். முள்ளு தள்ளி நின்னுது. நமக்கு முன்னாடி வந்தவன் வேற கேஸ ஏத்தி வச்சிருக்கான். வெளிரூமும் அவன் பாத்ததுதான்."

மறுநாள் காலை, வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கூடவே நானும் போனேன். மாடிப்படிக்கு அடியில் குனிந்து பெரிய சிலிண்டரில் கேஜை மாட்டினார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றும் ஒத்துப்போகவில்லை. நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். முள் கொஞ்சம்தான் தள்ளி நின்றது. இவ்வளவு கொஞ்சத்துக்கா ஒரு வருடம் வீணாகும் என்று தோன்றியது. ஆகும்.

"மறுபடி பிரிக்க முடியாதா?"

"நம்மளால முடியாது."

அவர் படியில் உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு வருடமாக வாய் கிழியக் கிண்டல் செய்தவன், கடைசியில் நல்லது செய்கிறேன் என்று கிளம்பியா காரியத்தைக் கெடுக்க வேண்டும்? பேசாமல் எல்லாரையும் போலத் திறந்து விட்டிருந்தால் சிலிண்டர் பிழைத்திருக்கும்.

"அண்ணன் வந்ததும் சொல்லிடுங்க. கெடுத்தது அவன்தான், அதனால பேசின பேச்சு செல்லாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா?"

"சொன்னா என்ன? இன்னொரு வருஷம் கேளுங்க. நியாயம்தானே?"

"நியாயம்தான்." அவர் கேஜைக் கழற்றித் துடைத்தார். "அவரா போய்ப் புடிச்சிருக்காரு. யாரும் தள்ளல."

"பல் டாக்டர் தள்ளினாங்க."

"சரி, தள்ளினாங்க. புடிச்சது அவரு கைதானே. இப்பப் போய், நீங்க புடிச்சதாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு சொன்னா, இனிமே அந்த மிஷினத் தொடுவாரா?"

"பேச்சுப்படி லாரி எடுக்கலன்னா மிஷினே இருக்காது. அப்புறம் எத தொடறது?"

அவர் கேஜைப் பையில் போட்டார். ஏதோ பெரிய திட்டம் போட்டுத்தான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்று பிற்பாடு சிலர் நினைக்கலாம். இல்லை. அவருக்கு மச்சானிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். "நீயும் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. அதில் அந்த வாரத்துக்குத்தான் முதலிடம்.

லாரி வந்தது. இறங்கியவள் ஒரு சின்னப் பெண், கையில் டார்ச் மாதிரி ஒரு கருவி. அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தான் தோற்கப்போவதாக நினைக்கிற பந்தயத்துக்கு யாராவது புதுச் சட்டை போடுவார்களா? அவன் போட்டிருந்தான். சிலிண்டரை நான் சுமக்கிறேன் நான் சுமக்கிறேன் என்று அவனே படிக்கு அடியிலிருந்து வாசல் வரைக்கும் உருட்டி வந்தான். அந்தப் பெண் ஹோஸை மாட்டினாள், கருவியைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"கலந்திருக்குங்க. எங்களால எடுக்க முடியாது."

"கலந்திருக்கா? எப்படிக் கலக்கும்?" அண்ணன் குரல் உயர்ந்தது. "இவரு ஒவ்வொண்ணையும் கொழந்த மாதிரி பாத்துப் பாத்து ஏத்தினதும்மா இது. உங்க மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும், நல்லாப் பாருங்க."

அவள் மறுபடி பார்த்தாள். அதே பதில். "யாரோ பாக்காம வேற கேஸ ஏத்தியிருக்காங்க" என்றாள்.

"யாரு ஏத்தினது?" அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் மேஜை டிராயரைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நான்தான் மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர். "ஜுரத்துல கவனிக்காம ஏத்திட்டேன் போல."

லாரி போய்விட்டது. வாசலில் சிலிண்டர் நின்றது. அண்ணன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தான். "மாப்ளே, மாப்ளே! வருஷம் பூரா தாலாட்டு பாடிட்டு, கடைசி நாள்ல கொழந்தையக் கீழ போட்டுட்டீங்களே!" என்றான். டிராயரை நான் அறைந்து மூடிய சத்தத்தில் பேனா ஸ்டாண்டு விழுந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஆனால் அது பாதிச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஜெயித்தவன் சிரிக்கிற மாதிரி இல்லை.

பேச்சு பேச்சுதான். சாயங்காலம் பக்கத்துத் தெரு மெக்கானிக் மிஷினைப் பார்க்க வந்தான். அண்ணன்தான் போன வருடமே சொல்லி வைத்திருந்தான். வீட்டுக்காரர் மிஷினைத் துடைத்து, ஹோஸைச் சுருட்டி, மேஜை மேல் எடுத்து வைத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் அப்பா நிற்கிற மாதிரி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஃபோன் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் விளக்க ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே. "இந்த ஹோஸ் ஏசிக்கு, இது சிலிண்டருக்கு. இத மொதல்ல திறக்கக் கூடாது, காத்து உள்ள போயிடும். சுவிட்சப் போட்டதும் இருமும், பயந்துடாத, அது அப்படித்தான். முள்ளு கீழ எறங்கி நிக்கும் பாரு, அப்பத்தான் முழுசா வந்துச்சுன்னு அர்த்தம்." ஒரே ஒரு தடவை பிடித்தவனுக்கு எவ்வளவு வித்தை! பக்கத்துத் தெருக்காரன் கொட்டாவி விட்டான்.

"அதெல்லாம் எதுக்குண்ணே? மோட்டார் நல்லா இருக்கா? கழட்டிப் பெயிண்ட் அடிக்கற ஸ்ப்ரேக்கு வச்சுக்கலாம்னு பாத்தேன்."

"பெயிண்டா?"

"மிச்சத்தப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

அண்ணன் அவனையே பார்த்தான். பிறகு மிஷினை எடுத்துக் கீழே வைத்தான். "விக்கல" என்றான்.

"என்னண்ணே, வரச் சொன்னது நீதானே?"

"நான்தான் சொன்னேன், இப்ப நான்தான் விக்கலங்கறேன். போ, போய் உன் பெயிண்ட பிரஷ்ல அடி."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். டேபிள் ஃபேன் வழக்கம்போல அண்ணன் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"இங்க பாருங்க மாப்ளே. பேசினது பேசினதுதான். உங்களுக்கும் மிஷினுக்கும் இனிமே சம்பந்தம் இல்ல. நீங்க தொட்டா கலந்துடுவீங்க. நான் பாத்துக்கறேன். அந்த டாக்டரம்மா வேற அவங்க ஃப்ரெண்டு வீட்டுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க, ஸ்பேனரோட போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"சரி மச்சான்."

"என்ன சரி? எதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

அவர் சுவரில் இருந்த அட்டையைக் கையால் காட்டினார். "ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். புடிச்சத அன்னைக்கே பெரிய சிலிண்டர்ல ஏத்தக் கூடாது. ஒரு ராத்திரி இங்க இருக்கணும். காலைல முள்ளு இந்த அட்டைப்படி நிக்குதான்னு பாத்துட்டுத்தான் ஏத்தணும். ஏற்கனவே கலந்த கேஸா இருந்தா அதுல காட்டிக் குடுத்துடும். வந்த கையோட ஏத்தினா தெரியாது. நான் அப்படித்தான் ஏத்திட்டேன்."

அண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். பிறகு தலை நின்றது. மேஜைக்குப் பக்கத்தில் சின்ன சிலிண்டர் வழக்கமாகத் தூங்குகிற காலி இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஃபோன் அடிக்கவில்லை, ஆனாலும் நான் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஹலோ என்றேன். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு வேறு என்ன வழி?

"மாப்ளே" என்றான் மெதுவாக. "ஜுரத்துல கெடந்த அந்த ரெண்டு நாளும் நீங்க கடைக்கு வரவே இல்லையே."

"வந்தேன் மச்சான். நீங்க பாக்கல."

அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு வாசலில் நின்ற பெரிய சிலிண்டரைத் தனியாகவே உருட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, கை கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போனான்.

அந்தச் சிலிண்டர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. யாரும் எடுக்கமாட்டார்கள், திறந்துவிடவும் யாருக்கும் மனசு வரவில்லை. பக்கத்தில் காலியாக இன்னொன்று வாங்கி வைத்தோம். பக்கத்துத் தெருக்காரன் இப்போதும் திறந்துதான் விடுகிறான், அதற்கு அடுத்த தெருவிலும் அப்படித்தான். வெயில் போன வருடத்தைவிடக் குறைவு என்று யாரும் எனக்கு ஃபோன் செய்து சொல்லவில்லை. ஊரில் எங்கள் அண்ணன், எங்க மாப்ளேக்கு இந்த வேல சரிப்படாது, நான்தான் பாத்துக்கறேன் என்று இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்கிறான். ஆனால் அதை மாப்பிள்ளை முன்னால் சொல்வதில்லை.

லாரி வந்துபோன அடுத்த வாரம், மிஷின் தன் பொறுப்புக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவன் ஓர் ஏசி கேஸைப் பிடித்து வந்தான். மாலையில் சின்ன சிலிண்டரை என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். காலையில் நான் கடை திறக்கப் போனபோது எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றுகொண்டிருந்தான். பத்து மணிக்கு முன்னால் அவனைத் தெருவில் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. உள்ளே போனதும் சிலிண்டர் முன்னால் குந்தி உட்கார்ந்து கேஜை மாட்டினான், அட்டையைப் பார்த்தான், உள்ளங்கையைச் சிலிண்டர் மேல் வைத்துப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டான்.

"ஏம்மா, ஏத்தலாமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?"

கிண்டலாகத்தான் இருக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவேதான் கேட்டிருந்தான்.